பனியில் நின்ற ரயில்: எந்தப் புவாரோவைப் பார்க்கலாம்?

பனியில் சிக்கிய ரயிலில் நடந்த கொலையைத் துப்பறிவாளர் புவாரோ விசாரிக்கும் கதை, அகதா கிறிஸ்டி எழுதி 1934-இல் வெளியான ‘மர்டர் ஆன் தி ஓரியன்ட் எக்ஸ்பிரஸ்’. அந்த நாவலின் முடிச்சு இன்று பலருக்கும் தெரியும். தெரிந்த பிறகும் நம்மை உட்கார வைப்பது விசாரணைக் காட்சிகள்தான். சிட்னி லூமெட்டின் 1974 படமும் கென்னத் பிரானாவின் 2017 படமும் வேறுபடுவது அங்கேதான்.

பனியில் ரயில் மாட்டிக்கொண்ட பிறகு லூமெட்டின் கேமரா பெரும்பாலும் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. இங்க்ரிட் பெர்க்மனை விசாரிக்கும் காட்சியைப் பாருங்கள். கிட்டத்தட்ட ஐந்து நிமிடம், வெட்டே இல்லாத ஒரே ஷாட். புவாரோவாக வரும் ஆல்பர்ட் ஃபின்னி நகர்ந்துகொண்டே கேட்கிறார், கேமரா பெர்க்மன் முகத்தை விடுவதில்லை. தட்டுத்தடுமாறிப் பேசும் அந்த மிஷனரிப் பெண் பயப்படுகிறாரா, மறைக்கிறாரா? பதிலை நாமேதான் தேட வேண்டும். இவ்வளவு சின்ன வேடத்துக்குத் துணை நடிகை ஆஸ்கர் கிடைத்தது முழுக்க நியாயம்.

பிரானாவுக்கு அந்தப் பொறுமை இல்லை. வழக்கத்தைவிட அகலமான 65 எம்எம் ஃபிலிமில் எடுத்த பனிமலைகள் கண்ணைப் பறிக்கின்றன. பனிச்சரிவு, உயரமான பாலம், அதன் மரச்சட்டங்களில் ஒரு துரத்தல் என்று கதை அடிக்கடி வெளியே ஓடுகிறது. பிணத்தைக் கண்டுபிடிக்கும் காட்சியை உச்சியிலிருந்து எடுத்திருக்கிறார். ஒவ்வொருவர் முகமும் எப்படி மாறுகிறது என்று நாம் பார்க்க வேண்டிய அந்த நொடியில் தலைகள் மட்டுமே தெரிகின்றன! விசாரணைகளும் துண்டு துண்டாகக் கடந்துவிடுகின்றன. ஆனால் பயணிகளில் ஒருவரான மிசஸ் ஹப்பார்டாக மிஷெல் ஃபைஃபர் அபாரம். லூமெட் படத்தில் லாரன் பகால் அதே வேடத்தில் வாயாடியாகக் கலக்கியிருந்தார். ஃபைஃபரோ கடைசியில் அந்தப் பேச்சுக்குள் புதைந்திருந்த துக்கத்தை வெளியே கொண்டுவந்துவிடுகிறார்.

கதையின் முடிவைக் காட்டும் விதத்தில் என் ஓட்டு இரண்டுக்கும் இல்லை. லூமெட் கோப்பைகளை மோதவிட்டுக் கொண்டாட்டமாக முடிக்கிறார். டேவிட் சூஷே புவாரோவாக நடித்த 2010 தொலைக்காட்சிப் படத்திலோ சட்டத்தையும் கடவுளையும் நம்பும் ஒரு மனிதர், தான் எடுத்த முடிவாலேயே உடைந்துபோகிறார். இந்தக் கதை கேட்கும் கேள்வியின் கனத்தை அந்தப் படம்தான் முழுதாகச் சுமக்கிறது.

நாவலைப் படிக்காதவர்கள் லூமெட்டில் தொடங்கி, கொஞ்ச நாள் இடைவெளி விட்டு சூஷேவைப் பாருங்கள். பிரானா படத்தை முடிந்தவரை பெரிய திரையில் பார்ப்பதே நல்லது.