பே ஏரியாவின் வீட்டுக் கணக்கைக் காட்டும் இரண்டு தளங்கள்: என் அனுபவம்

என் மகள் போன பகல்நேரக் குழந்தைகள் காப்பகத்தில் ஒரு ஆசிரியை இருந்தார். மெக்சிகோவிலிருந்து வந்த குடும்பம், ஆனால் அவர் பிறந்து வளர்ந்ததெல்லாம் இங்கே, சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாவைச் சுற்றிய பே ஏரியாவின் மில்பிடாஸ் நகரத்தில்தான். வாடகை ஏறிக்கொண்டே போக, மலைக்கு அப்பால் இருக்கும் டிரேசி என்ற ஊருக்குக் குடிபோனார். வேலை மட்டும் இங்கேயே தொடர்ந்தது. விடியற்காலை நாலரைக்குக் காரை எடுத்து, ஆல்டமாண்ட் கணவாயைத் தாண்டி வந்து, ஏழு மணிக்கு என் மகளைச் சிரித்த முகத்தோடு கையில் வாங்கிக்கொள்வார்.

எங்கள் பகுதிக் குடியிருப்போர் கூட்டம் ஒன்றில், "நம்ம ஊர்லதான் இவ்வளவு கட்டிட்டாங்களே, இன்னும் எதுக்கு?" என்று ஒருவர் கேட்டார். பலர் தலையாட்டினார்கள். எனக்கு அந்த ஆசிரியையின் நினைவு வந்தது. ஆனால் எழுந்து பதில் சொல்லக் கையில் ஒரு எண்கூட இல்லை. அன்று இரவு தேட ஆரம்பித்தேன். அப்படித்தான் இந்த இரண்டு தளங்களும் பழக்கமாயின. இரண்டும் இலவசம். இரண்டையும் பல மாதங்களாகப் பயன்படுத்திவருகிறேன்.

முதலாவது, கலிஃபோர்னியா மாநில வீட்டுவசதித் துறையின் டேஷ்போர்டு, அதாவது கணக்குகளைப் பட்டை வரைபடங்களாகக் காட்டும் இணையப் பக்கம். இதைப் புரிந்துகொள்ள 'ரீனா' என்றால் என்னவென்று தெரிந்திருக்க வேண்டும். நகராட்சிக் கூட்டங்களில் அடிக்கடி காதில் விழும் சொல் இது. ஒவ்வொரு ஊரும் எத்தனை வீட்டுக்கு இடம் ஒதுக்க வேண்டும் என்ற பங்கீடு. 1969-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து வந்த ஏற்பாடு. பகுதி முழுவதற்குமான எண்ணை மாநிலம் சொல்லும்; அதை ஊர்களுக்குப் பிரித்துக்கொடுப்பது ஏபேக் என்ற பகுதிக் கூட்டமைப்பு. 2023 முதல் 2031 வரை பே ஏரியாவின் ஒன்பது கவுண்டிகளுக்கும் சேர்த்து 4,41,176 வீடுகள். அதில் எங்கள் மில்பிடாஸின் பங்கு 6,713.

இந்த மொத்த எண்ணோடு நிறுத்திவிடாதீர்கள். கூட்டத்தில் கேட்ட கேள்விக்கான பதில் அதற்குக் கீழே இருக்கிறது. டேஷ்போர்டு வீடுகளை வருமானத்தை வைத்து நான்காகப் பிரிக்கிறது. மில்பிடாஸின் 6,713-இல் மிகக் குறைந்த வருமானக்காரர்களுக்கு 1,685, குறைந்த வருமானத்துக்கு 970, நடுத்தரத்துக்கு 1,131, அதற்கு மேலே 2,927. போன சுற்றில், அதாவது 2015 முதல் 2023 வரை, பே ஏரியாவின் இலக்கு 1,87,990. அந்தச் சுற்றைத் திறந்து பார்த்தால் பகுதி முழுவதும் ஒரே கதைதான். மேல்தட்டு வீடுகளில் இலக்கைத் தாண்டிவிட்டார்கள். கீழே இருக்கும் இரண்டு பிரிவுகளும் வெகுதூரம் பின்தங்கிவிட்டன. "இவ்வளவு கட்டிட்டாங்களே" என்றவர் பார்த்த கட்டடங்கள் உண்மையானவைதான். அந்த ஆசிரியை குடியேறக்கூடிய வீடுகள் அவற்றில் மிகக் குறைவு.

'நடுத்தரம்' என்ற சொல்லிலும் கவனம் வேண்டும். மில்பிடாஸ் இருக்கும் சாண்டா கிளாரா கவுண்டியில் நான்கு பேர் குடும்பத்தின் நடு வருமானம் (பாதிக் குடும்பங்கள் இதற்கு மேலே, பாதி கீழே) 2024-இல் 1,84,300 டாலர். அதில் 120 விழுக்காடு வரை நடுத்தரம் என்று கணக்கு. ஆண்டுக்கு இரண்டு லட்சம் டாலருக்கு மேல் வாங்கும் குடும்பமும் இதற்குள் வந்துவிடும். இதைத் தெரிந்துகொள்ளும்வரை நானும் அந்தப் பட்டையைத் தவறாகத்தான் படித்துக்கொண்டிருந்தேன்.

இன்னொன்று. இலக்கில் எத்தனை நிறைவேறியது என்பதற்குக் கட்டட அனுமதியைத்தான் எண்ணுகிறார்கள். அனுமதி வாங்கியும் கடன் கிடைக்காமலோ வட்டி ஏறியோ நின்றுபோகும் திட்டங்கள் உண்டு. கட்டி முடித்த வீடுகளுக்குத் தனிப் பத்தி இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெரிய திரையில் பார்ப்பது நல்லது.

சரி, அந்த வீடுகளில் யார் குடியேறினார்கள்? கறுப்பினத்தவரா, லத்தீன் அமெரிக்க வம்சாவளி லத்தினோவா, வெள்ளையரா, நம்மவர்களா? இதை அந்த டேஷ்போர்டில் கேட்க முடியாது. 2018-இல் வந்த ஏபி 686 சட்டப்படி ஒவ்வொரு ஊரும் தன் வீட்டுவசதித் திட்டத்தில் இனப் பாகுபாடு பற்றிய ஆய்வைச் சேர்த்தாக வேண்டும். அது அந்த நீண்ட ஆவணத்துக்குள் இருக்கிறது. டேஷ்போர்டில் ஒரு பட்டையாகக்கூட ஏறவில்லை.

அதற்குத்தான் இரண்டாவது தளம்: பே ஏரியா ஈக்விட்டி அட்லஸ். 2019-இல் தொடங்கியது. சான் ஃபிரான்சிஸ்கோ ஃபவுண்டேஷன், பாலிசிலிங்க், தெற்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஆய்வு மையம் மூன்றும் சேர்ந்து நடத்துவது. மக்கள், இடம், அதிகாரம் என்று மூன்று தலைப்புகளில் அளவுகோல்களை அடுக்கியிருக்கிறார்கள். நான் அதிகம் போவது வாடகைச் சுமைப் பக்கத்துக்கு. வருமானத்தில் 30 விழுக்காட்டுக்கு மேல் வீட்டுக்கே போனால் அது சுமை. வாடகைக்கு இருப்பவர்களைத் தேர்ந்தெடுத்து இனவாரியாகப் பிரித்தால், பே ஏரியாவில் கறுப்பின, லத்தினோ குடும்பங்களின் பட்டைகள் மற்றவர்களுடையதைவிட உயர்ந்து நிற்பது ஒரே பார்வையில் தெரிந்துவிடும். தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதிகள் எந்த இனத்தவர் என்பதையும் இங்கே பார்க்கலாம். வீட்டுத் திட்டத்துக்குக் கைதூக்குகிறவர்கள் அவர்கள்தானே.

எங்கள் ஊருக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. மில்பிடாஸ் நகரமானது 1954-இல். மறு ஆண்டே ஃபோர்டு கார் தொழிற்சாலை ரிச்மண்டிலிருந்து இங்கே மாறி வந்தது. வேலை கூடவே வந்தது, ஆனால் கறுப்பினத் தொழிலாளர்களுக்கு இங்கே வீடு விற்க ஆளில்லை. அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கே தடை போட்டிருந்தது நகரம். தொழிற்சங்கம் முன்னின்று சன்னிஹில்ஸ் என்ற எல்லா இனத்தவருக்குமான குடியிருப்பைக் கட்டப் போனபோது, கழிவுநீர் இணைப்புக் கட்டணத்தைப் பல மடங்கு ஏற்றிப் பார்த்தார்கள். அத்தனையையும் தாண்டி அது எழுந்தது. அந்தத் தொழிற்சாலையில் வேலை பார்த்த பென் கிராஸ் 1966-இல் இந்த ஊருக்கு மேயரானார். கலிஃபோர்னியாவின் முதல் கறுப்பின மேயர்களில் ஒருவர். சனிக்கிழமையானால் நம்மவர்கள் குடும்பத்தோடு போகும் கிரேட் மால், அந்தத் தொழிற்சாலை நின்ற இடம்தான். எண்களைப் பார்க்கும்போதெல்லாம் இதை மனதில் வைத்துக்கொள்வேன். ஒருவருக்கு வீடு கிடைக்காமல் செய்ய அவர் நிறத்தைச் சொல்லவே வேண்டாம். அடுக்குமாடி கூடாது என்றாலே போதும்.

அட்லஸில் எனக்கு மனக்குறை இரண்டு. ஒன்று, பல படங்களில் ஆசியர்கள் எல்லோரும் ஒரே பட்டை. மில்பிடாஸில் இந்தியர், சீனர், வியட்நாமியர், பிலிப்பினோ எல்லோரும் இருக்கிறோம். ஐடி வேலையில் இருவர் சம்பாதிக்கும் எங்களைப் போன்ற வீடுகள் அந்தப் பட்டையின் தோற்றத்தையே மாற்றிவிடுகின்றன. ஓய்வூதியத்தில் வாடகை கட்டும் பக்கத்துக் கட்டடத்து பிலிப்பினோ பாட்டி அதற்குள் காணாமல் போகிறார். "ஆசியர்களுக்குப் பிரச்சினை இல்லை" என்று யாராவது சொன்னால், அது எங்கள் சம்பளத்தைக் காட்டி அவர் வாயை அடைப்பது. எனக்கு அதில் சம்மதமில்லை.

இரண்டாவது குறைதான் எனக்குப் பெரிது. அட்லஸ் ஒன்பது கவுண்டிகளோடு நிற்கிறது. டிரேசி இருப்பது அந்த ஒன்பதுக்கு வெளியே, பக்கத்துச் சான் வாக்கின் கவுண்டியில். என் கணக்கில் அது பத்தாவது. ஊர்ப் பட்டியலில் தேடினேன், இல்லை. யோசித்துப் பாருங்கள். வாடகை தாங்காத குடும்பம் ஊரைவிட்டுப் போனதும் அந்த ஊரின் வாடகைச் சுமை கொஞ்சம் குறைந்ததாகக் காட்டும், நடு வருமானம் கொஞ்சம் ஏறியதாகக் காட்டும். படத்தில் அது முன்னேற்றம் போலத் தெரியும். போனவர் எல்லா எண்ணிலிருந்தும் வெளியே. அதனால் ஒரு ஊரில் சுமை குறைந்திருப்பதைக் கண்டால், அங்கே கறுப்பின, லத்தினோ மக்கள்தொகை என்ன ஆயிற்று என்று பக்கத்திலேயே திறந்து பார்த்துவிடுகிறேன். இரண்டும் சேர்ந்து இறங்கியிருந்தால் மகிழ்ச்சியடைய அவசரப்படுவதில்லை. வேலைக்கு வருகிறவர்கள் எங்கிருந்து வருகிறார்கள் என்பதற்கு அமெரிக்க சென்சஸ் துறையின் 'ஆன் தி மேப்' என்ற தளம் கைகொடுக்கும்.

டேஷ்போர்டுக்கு ஐந்தில் மூன்றரை, அட்லஸுக்கு நான்கு. ஒன்றை மட்டும் பார்ப்பதானால் உங்கள் ஊரின் டேஷ்போர்டைப் பாருங்கள், ஏனென்றால் நகரசபையில் எழுந்து கேட்க உடனே உதவுவது அதுதான். ஒவ்வொரு ஏப்ரல் 1-க்குள்ளும் நகரங்கள் முந்தைய ஆண்டுக் கணக்கை மாநிலத்துக்குக் கொடுக்க வேண்டும்; அதற்குப் பிறகு போனால் புது எண்கள் கிடைக்கும். அட்லஸ் என்றைக்காவது பத்தாவது கவுண்டியையும் சேர்த்தால், ஐந்தாவது நட்சத்திரத்தை அன்றே போட்டுவிடுவேன். முதலில் டிரேசியைத்தான் திறப்பேன்.