வள்ளத்துக்கு எந்த வயர்லெஸ்: வாக்கிடாக்கியா, ஃபிக்ஸ்டு செட்டா?

திருநெல்வேலிக் கடற்கரையில் உவரி, கூத்தங்குழி, இடிந்தகரைப் பக்கம் ஃபைபர் வள்ளத்துக்கு வயர்லெஸ் வாங்கப் போனால் இரண்டு வழிதான்: 5 வாட் வாக்கிடாக்கி, இல்லையென்றால் வள்ளத்திலேயே பொருத்தி, பேட்டரியில் ஓடும் 25 வாட் ஃபிக்ஸ்டு செட். என் ஓட்டு இரண்டாவதற்கு.

வாக்கிடாக்கிக்கு வயர் இழுக்க வேண்டாம். வள்ளம் கவிழ்ந்தாலும் கழுத்தோடு வரும். அதன் சிறப்பு அவ்வளவுதான்.

வாட்டைப் பார்த்து மயங்க வேண்டாம். இந்த செட்டுகள் பேசும் வி.எச்.எஃப். ரேடியோ அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போவது. ஏரியல் உயரம்தான் தூரத்தைத் தீர்மானிக்கும். நீர்மட்டத்துக்கு 1 மீட்டர் மேலே பிடித்த இரண்டு வாக்கிடாக்கிகளுக்கு இடையே 8 கிலோமீட்டர் எட்டும். இரண்டு வள்ளத்திலும் ஃபிக்ஸ்டு செட் வைத்து, கழி கட்டி அதன் ஏரியலை 3 மீட்டருக்கு ஏற்றினால் 14. லாரிக்கு வைக்கிற கால்-அலை ஏரியல் (அலைநீளத்தில் கால் பங்கு நீளமுள்ளது) வேண்டாம். அதற்கு அடியில் இரும்புத் தகடு வேண்டும், ஃபைபரில் ஏது? சுமார் 1 மீட்டர் நீள அரை-அலை ஏரியலே சரி.

ஃபிக்ஸ்டு செட்டைக் கெடுப்பது பெரும்பாலும் ஏரியல் கேபிள் முனையிலுள்ள பிளக். ஆடிக் காற்றில் தெறிக்கும் உப்புத் தண்ணீர் அதில் நுழைந்து, கேபிளின் செம்புப் பின்னல் வழியே திரியில் எண்ணெய் ஏறுவது போல ஊறும். பக்கத்து வள்ளத்துக்குக் கேட்பதால் சந்தேகமும் வராது; தூரத்தில் இருப்பவனுக்கு மட்டும் நம் பேச்சு போகாது. பிளக்கைச் சால்டர் வைத்தே பொருத்துங்கள். தன்னோடு தானே ஒட்டும் ரப்பர் டேப்பை இழுத்து, பாதிக்குப் பாதி மேலேறும்படி, ஓடு வேய்கிற மாதிரி கீழிருந்து மேலாகச் சுற்றுங்கள். வெயில் படாமல் அதன்மேல் சாதாரண டேப். செட்டுக்குள் நுழையுமுன் கேபிளைக் கீழே தொங்கவிட்டு வளைத்தால் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பிரித்துப் பாருங்கள். பின்னல் கறுத்திருந்தால் பளபளப்பான செம்பு வரும்வரை வெட்டுங்கள். ஒரு அடி வெட்டியும் கறுப்பு என்றால் கேபிளையே மாற்றுங்கள்.

பேசும்போது செட் 5, 6 ஆம்பியர் இழுக்கும். மெல்லிய வயர் போட்டால் கேட்கும்வரை நன்றாக இருக்கும், மைக்கை அமுக்கியதும் அணைந்துவிடும். 2.5 சதுர மில்லிமீட்டர் வயரை 10 ஆம்பியர் ஃபியூசோடு நேராகப் பேட்டரியில் கொடுங்கள். கையால் இழுத்து ஸ்டார்ட் செய்யும் எஞ்சினில் பேட்டரியே இருக்காது. தினமும் கரையில் சார்ஜ் போட்டு எடுத்துப்போகிற வேலை உண்டு, மறைப்பானேன். இதெல்லாம் வள்ளத்துக்குச் சொன்னது. விசைப்படகுக்கு அப்படியே பொருந்தும் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன்.

செட்டைச் சோதிக்க 16-ஆம் சேனலைத் தொடாதீர்கள். அது ஆபத்துக் குரலுக்கானது. வேறு சேனலில் 1 வாட்டில் வைத்து, கரையில் நிற்பவரைக் கூப்பிடுங்கள்.