தொடக்கக்காரர்களுக்கான 'பழங்கால வெள்ளி நாணயப் பெட்டி' வாங்காதீர்கள்

நாணயம் சேர்க்கத் தொடங்கலாம் என்ற எண்ணத்தில் இருப்பவர்களும், வீட்டுப் பிள்ளைக்கு அந்த ஆசை வந்திருப்பவர்களும் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். புதிதாகத் தொடங்குவோருக்கென்றே தயாரித்ததாகச் சொல்லி இணையத்தில் ஒரு பெட்டி விற்கிறார்கள். எல்லாம் வெள்ளி, எல்லாம் நூறு ஆண்டுக்கு மேல் பழையவை, ஒவ்வொன்றுக்கும் உண்மைச் சான்றிதழ் உண்டு என்பது விளம்பரம். அக்கா மகனுக்குப் பரிசாக வாங்கினோம். உள்ளே இருந்தவற்றில் சில போலி, சில பொய் சொல்லி விற்றவை. கூடவே வந்த ஆல்பம் அவனிடம் ஏற்கெனவே இருந்த நல்ல நாணயங்களையும் கெடுத்துவிட்டது.

பெட்டியின் முக்கிய நாணயம் 1893 என்று ஆண்டு போட்ட மார்கன் டாலர், பழைய அமெரிக்க வெள்ளி நாணயம். பின்பக்கம் கழுகுக்குக் கீழே 'எஸ்' என்ற எழுத்து, அதாவது சான் பிரான்சிஸ்கோ நாணயச்சாலையில் அடித்தது. பையன் அதைப் பற்றிப் படித்து வைத்திருந்தான். அந்த ஆண்டு அந்த நாணயச்சாலையில் ஒரு லட்சம் மட்டுமே அடித்தார்கள். மார்கன் டாலர் சேர்ப்பவர்கள் எல்லாரும் தேடும் நாணயம் அது. அப்படிப்பட்டதைத் தொடக்கக்காரருக்கான பெட்டியில் யாரும் போட்டுத் தர மாட்டார்கள் என்ற சந்தேகம் அவனுக்குத்தான் முதலில் வந்தது. சின்ன டிஜிட்டல் தராசில் வைத்துப் பார்த்துவிட்டு, "மாமா, எடை குறையுது" என்றான்.

மார்கன் டாலரின் எடை 26.73 கிராம், விட்டம் 38.1 மில்லிமீட்டர், வெள்ளி 90 சதவீதம், மீதி செம்பு. எங்களிடம் இருந்தது விட்டத்திலும் தடிமனிலும் அசலைப் போலவே இருந்தது, எடை மட்டும் 23.1 கிராம். அளவு சரியாக இருந்து எடை மட்டும் குறைந்தால் உலோகம் வேறு என்று அர்த்தம். அதை உறுதி செய்ய ஒரு எளிய வழி இருக்கிறது. ஒரு கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றித் தராசில் வைத்து, எடையைப் பூஜ்யமாக்குங்கள். நாணயத்தை நூலில் கட்டி, முழுவதும் மூழ்கும்படி, ஆனால் அடியிலோ பக்கத்திலோ படாமல் பிடியுங்கள். தராசு காட்டும் கிராம்தான் நாணயத்தின் கன அளவு. நாணயத்தின் எடையை அந்த எண்ணால் வகுத்தால் அடர்த்தி கிடைக்கும். 90 சதவீத வெள்ளிக்கு 10.3க்குப் பக்கத்தில் வர வேண்டும். எங்களுக்கு 8.9 வந்தது. அது செம்பும் நிக்கலும் கலந்த உலோகத்தின் அடர்த்தி. நாணயத்துக்கு இதனால் எந்தச் சேதமும் இல்லை, கடைசியில் மெல்லிய துணியில் ஒற்றி எடுத்தால் போதும். உரசிப் பார்ப்பதையும் அமிலம் விட்டுப் பார்ப்பதையும் மட்டும் செய்யாதீர்கள். அசலாக இருந்தால் அதுவே நாணயத்தைக் கெடுத்துவிடும்.

பூதக்கண்ணாடியில் பார்த்தபோது மீதியும் தெரிந்தது. எழுத்துகளின் ஓரம் கூர்மையாக இல்லாமல் மழுங்கியிருந்தது. வெற்றுப் பரப்பில் குண்டூசி முனை அளவு குமிழ்கள். விளிம்பைச் சுற்றி ஒரு மெல்லிய இணைப்புக் கோடு. அச்சில் அடித்த நாணயத்தில் இவை வராது, வார்ப்பில் ஊற்றியதில்தான் வரும். இன்னொன்று, அசல் 1893-எஸ் நாணயங்களில் 'லிபர்ட்டி' என்ற சொல்லில் வரும் 'டி' எழுத்தின் மேல்பகுதியில் சாய்வாக ஒரு சிறு கோடு புடைத்திருக்கும். முன்பக்கத்துக்குப் பயன்படுத்திய அச்சில் இருந்த கீறல் அது. எங்கள் நாணயத்தில் அது இல்லை.

விளம்பரத்தில் 'காந்தத்தில் ஒட்டாது, நீங்களே சோதித்துக்கொள்ளுங்கள்' என்று பெரிதாகப் போட்டிருந்தார்கள். இதை நம்பி ஏமாறுபவர்கள் நிறைய இருப்பார்கள் என்று நினைக்கிறேன். ஒட்டினால் வெள்ளி இல்லை, அது சரி. ஆனால் செம்பு, பித்தளை, செம்பு-நிக்கல் எதுவுமே காந்தத்தில் ஒட்டாது. ஒட்டாததை வெள்ளிக்குச் சாட்சியாகக் காட்டுவது தெரிந்தே செய்யும் மோசடி.

அடுத்தது மரியா தெரசா தாலர், ஆஸ்திரியாவை ஆண்ட அரசியின் பெயரில் அடித்த வெள்ளி நாணயம். ஆண்டு 1780. எடை 28 கிராமுக்குச் சற்று மேல், வெள்ளி 83.3 சதவீதம், எல்லாம் சரியாகவே இருந்தது. உண்மையான வெள்ளிதான். ஆனால் '18ஆம் நூற்றாண்டு அசல்' என்று எழுதி விற்றது பொய். அந்த அரசி 1780இல் இறந்தார். வணிகர்கள் அந்த நாணயத்தையே கேட்டதால், அதே ஆண்டைப் போட்டுப் பிறகும் அடித்துக்கொண்டே இருந்தார்கள். வியன்னாவில் மட்டுமல்ல, ரோம், லண்டன், பாரிஸ், பம்பாய் நாணயச்சாலைகளிலும் அடித்திருக்கிறார்கள். எங்களுடையது பளபளப்பான அண்மைக்கால மறுஅச்சு. மறுஅச்சு என்று சொல்லி விற்றிருந்தால் குறையே இல்லை, அழகான நாணயம், சேர்க்கவும் தகுந்தது.

ரோமானிய வெண்கலக் காசுகளிலும் இதே வேலைதான். கான்ஸ்டன்டைன் பேரரசர் காலத்துச் சிறு காசுகள், அசல்தான். 'கிடைத்தற்கரியவை' என்று சீட்டில் எழுதியிருந்தது. நான்காம் நூற்றாண்டில் இவற்றை ஏராளமாக அடித்தார்கள், இன்றும் மண்ணிலிருந்து குவியல் குவியலாகக் கிடைக்கின்றன. 1,700 ஆண்டு பழையது என்பதால் மட்டும் ஒரு காசு அரிதாகிவிடாது. இவற்றை அமிலத்தில் போட்டுத் தேய்த்துப் பச்சைப் படிவை முழுக்க எடுத்தும் விட்டிருந்தார்கள். காலம் பூசிய அந்தப் படிவுதான் வெண்கலக் காசுக்கு அழகும் மதிப்பும், பாதுகாப்பும்கூட. பெட்டியில் தங்க நிறத்தில் இருந்த மற்றவை, புழக்கத்தில் இருக்கும் சாதாரணக் காசுகளுக்கு முலாம் பூசியவை. அவற்றைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

சான்றிதழைப் பார்த்தால் கெட்டியான தாள், பொன் முத்திரை, கையெழுத்து. மார்கன் டாலருக்கு 'எம்.எஸ். 70' என்று தரம் போட்டிருந்தது. எம்.எஸ். என்றால் 'மின்ட் ஸ்டேட்', புழக்கத்தில் தேயாத நிலை. 1949இல் ஷெல்டன் என்பவர் வகுத்த 1 முதல் 70 வரையிலான அளவுகோல் அது. 60 அல்லது அதற்கு மேல் போட வேண்டுமானால் நாணயம் புழக்கத்தில் தேய்ந்திருக்கவே கூடாது. 70 என்றால் பெரிதாக்கிப் பார்த்தாலும் குறை தெரியாதது. அசலிலிருந்து எடுத்த வார்ப்பு என்பதால் அசலின் தேய்மானமும் கூடவே வந்திருந்தது, முன்பக்கத்தில் இருக்கும் பெண் உருவத்தின் கன்னத்திலும் காதுக்கு மேல் உள்ள முடியிலும். அதற்குத்தான் 70. சான்றிதழ் கொடுத்த 'மதிப்பீட்டு நிலையம்' யார் என்று தேடினால், விற்பவரின் மின்னஞ்சலேதான் அதற்கும். விற்பவரே எழுதிக்கொள்ளும் தாளுக்குச் சான்று என்ற மதிப்பு கிடையாது. 1986இல் தொடங்கிய பி.சி.ஜி.எஸ்., 1987இல் தொடங்கிய என்.ஜி.சி. போன்ற தனி நிறுவனங்கள் நாணயத்தைப் பார்த்துத் தரம் போட்டு, மூடிய பிளாஸ்டிக் கூட்டில் எண்ணோடு தருகின்றன. அந்த எண்ணை அவர்களின் தளத்தில் போட்டுப் பார்க்கலாம். அந்தக் கூட்டையும் உண்மையான எண்ணோடு போலியாகச் செய்கிறார்கள். அதனால் தளத்தில் படம் இருந்தால், கீறலுக்குக் கீறல் கையில் உள்ளதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

போலி நாணயம் இன்று நேற்று வந்ததில்லை. ஜெர்மனியில் பெக்கர் என்பவர், 1830இல் இறந்தவர், பண்டைய நாணயங்களுக்கு அச்சு வெட்டித் தானே அடித்தார். அவற்றை இரும்புத் தூள் நிரப்பிய பெட்டியில் போட்டு, வண்டியில் கட்டி ஊர் சுற்றுவாராம், குலுங்கிக் குலுங்கிப் பழசாகட்டும் என்று. அவர் குறிவைத்தது பணக்காரச் சேகரிப்பாளர்களை. இப்போது குறி வைப்பது முதல் நாணயம் வாங்கும் பிள்ளைகளை. இதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

ஆல்பம் விஷயத்துக்கு வருகிறேன். மனசு ஆறாதது அதில்தான். மென்மையான, வளையும் பிளாஸ்டிக் பைகள் கொண்ட ஆல்பம், திறந்தாலே புது மழைக்கோட்டு வாசனை. பையன் தன் தாத்தா கொடுத்த செப்புக் காசுகளை ஆசையாக அதில் அடுக்கி வைத்தான். சில மாதங்களில் காசுகளின் மேல் பச்சையாகப் பிசுபிசுப்பு. பி.வி.சி. பிளாஸ்டிக்கை மென்மையாக்கச் சேர்க்கும் பொருள் கசிந்து வரும், பிளாஸ்டிக் சிதையும்போது அமிலமும் வெளியாகும். அவை உலோகத்தை அரிக்கும். தொடக்கத்திலேயே கண்டால் தூய அசிட்டோனில் நனைத்து எடுக்கலாம். எளிதில் தீப்பிடிக்கும் திரவம் என்பதால் பெரியவர்கள்தான், காற்றோட்டமான இடத்தில், தீ இல்லாமல் செய்ய வேண்டும். வாசனை சேர்த்த நகப்பூச்சு நீக்கி இதற்கு ஆகாது. எங்களுக்குப் பிசுபிசுப்பு போயிற்று, அரித்த குழிகள் போகவில்லை. நாணயம் வைக்கப் பாலியெஸ்டர், பாலிபுரொப்பிலின், பாலியெத்திலின் என்று தெளிவாகப் போட்ட பைகளை மட்டும் வாங்குங்கள். பொருளின் பெயரே போடாத ஆல்பம் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

விற்றவரிடம் கேட்டோம். முதலில் 'உங்கள் தராசு தவறு' என்றார்கள். வேறு தராசிலும் வைத்துக் காணொளி அனுப்பினோம். அப்புறம் 'பழைய வெள்ளி தேய்ந்து எடை குறையும்' என்று பதில். எம்.எஸ். 70 என்று அவர்களே எழுதிய நாணயம் மூன்றரை கிராம் தேயுமா என்று கேட்டதும், 'முத்திரையைப் பிரித்துவிட்டீர்கள், திரும்பப் பெற முடியாது' என்றார்கள். பிரிக்காமல் எடை போட வழியே இல்லாதபடிதான் ஒட்டியிருந்தார்கள். அதற்குப் பிறகு பதிலே இல்லை.

பணம் கடைசியில் அட்டை கொடுத்த வங்கி வழியாகத் திரும்பியது. விளம்பரப் பக்கத்தின் படம், பெட்டியைப் பிரிக்கும்போதே எடுத்த காணொளி, எடை காட்டும் படம், மூன்றும் சேர்ந்ததால்தான் அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். நேரடிப் பணப் பரிமாற்றம் கேட்டிருந்தால் இந்த வழி இருந்திருக்காது. அதனால் அப்படிக் கேட்கும் விற்பவரிடம் வாங்காதீர்கள். தாத்தாவின் காசுகளுக்கு யாரும் ஈடு தரவில்லை.

பையன் சேர்ப்பதை விடவில்லை. இப்போது ஒரு நாணயத்தின் எடை, விட்டம், உலோகம், எத்தனை அடித்தார்கள் என்பதைப் படித்த பிறகுதான், அந்த ஒன்றை மட்டும் வாங்குகிறான். அந்த விற்பவரின் பக்கம் இன்னும் இருக்கிறது, பெட்டியின் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். நீல வெல்வெட் பெட்டி, வெள்ளைக் கையுறை, பொன் முத்திரைச் சான்றிதழ், காந்தச் சோதனை பற்றிய வரி. இந்த நான்கும் ஒரே விளம்பரத்தில் இருந்தால் அது இதே ஆட்கள்தான். வாங்க நினைக்கும் யாரையாவது தெரிந்தால் சொல்லிவிடுங்கள்.