தடைப்பட்டியலில் சிக்கிய மின்னஞ்சல்: ஸ்பேம்ஹாஸ் நீக்கச் சேவை, கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலை ஒன்றில் பயன்படுத்திப் பார்த்த மதிப்பீடு

கிருஷ்ணகிரி மாவட்டத்து மாங்கூழ் ஆலைகளில் சீசன் தொடங்கிவிட்டால் இரவு பகல் பாராமல் இயந்திரங்கள் ஓடும். பெங்களூரா, அல்போன்சா ரகங்களின் கூழ் 3.1 கிலோ டின்களிலும் 215 கிலோ அசெப்டிக் (கிருமி நீக்கிய) டிரம்களிலும் அடைக்கப்பட்டு வளைகுடா நாடுகளுக்கும் ஐரோப்பாவுக்கும் கப்பலேறுகிறது. அந்தச் சரக்குக்கான ஆய்வக அறிக்கை, இன்வாய்ஸ், கப்பல் ஆவணங்களின் நகல் என எல்லாமே முதலில் மின்னஞ்சலில்தான் போகின்றன. பெங்களூரா கூழின் பிரிக்ஸ் அளவு, அதாவது கரைந்துள்ள சர்க்கரையின் அளவு, 14க்குக் குறையவில்லை என்று காட்டும் ஒற்றைப் பக்க அறிக்கை வாங்குபவரின் கையில் கிடைக்காமல் நின்றால், டிரம்கள் கிடங்கிலேயே நிற்கும். ஆகவே ‘உங்கள் ஐபி முகவரி தடைப்பட்டியலில் உள்ளது’ என்று, அதாவது உங்கள் இணைய இணைப்பின் எண்ணில் இருந்து வரும் மெயிலை ஏற்க மாட்டோம் என்று, மெயில் திரும்பி வருவதை, கணினிப் பிரிவின் தலைவலி என்று மட்டும் எண்ணி ஒதுக்கிவிட இங்கே யாராலும் முடியாது.

போச்சம்பள்ளி பக்கத்தில் உள்ள ஓர் ஆலையின் கணினிகளையும் மெயில் சர்வரையும் நான் கவனித்து வருகிறேன். அங்கிருந்து சென்ற மெயில்கள் 554 என்ற பிழை எண்ணுடன் திரும்பத் தொடங்கியபோது, பட்டியலில் இருந்து வெளிவருவதற்காகப் பயன்படுத்திய சேவைகளைப் பற்றியதே இந்த மதிப்பீடு. முதன்மையாக ஸ்பேம்ஹாஸின் சரிபார்ப்பு மற்றும் நீக்கப் பக்கத்தைப் பற்றி எழுதுகிறேன். மற்றவற்றை ஒப்பிடுவதற்காகவே தொடுகிறேன்.

ஸ்பேம்ஹாஸ் 1998இல் ஸ்டீவ் லின்ஃபோர்ட் லண்டனில் தொடங்கிய அமைப்பு. இன்று அண்டோராவில் இருந்து இயங்குகிறது. மெயிலைத் தடுப்பது அந்த அமைப்பு அல்ல என்பதை முதலில் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். ஸ்பேம் எனும் வேண்டாத மெயிலைத் தடுக்க உதவும் முகவரிப் பட்டியலை மட்டுமே அது வெளியிடுகிறது. அதைக் கேட்டுப் பார்த்துக் கதவைச் சாத்துவது மெயிலைப் பெறும் சர்வர். கேட்கும் முறையும் எளிமையானதுதான். 203.0.113.25 என்ற முகவரியில் இருந்து ஒரு மெயில் வந்தால், பெறும் சர்வர் அந்த எண்களைத் தலைகீழாகத் திருப்பி, 25.113.0.203 என்று எழுதி, அதன் பின்னால் பட்டியலின் பெயரைச் சேர்த்து, இணையத்தின் முகவரிப் புத்தகமான டிஎன்எஸ்ஸில் தேடுகிறது. பதில் ஒன்றும் வரவில்லை என்றால் முகவரி பட்டியலில் இல்லை. 127.0.0.2 என்று பதில் வந்தால் எஸ்பிஎல் (ஸ்பேமோடு தொடர்புள்ள முகவரிகள்), 127.0.0.3 என்றால் சிஎஸ்எஸ் (ஸ்பேம் அனுப்புவதாகத் தானியங்கி முறையில் கண்டறிந்தவை), 127.0.0.4 என்றால் எக்ஸ்பிஎல், 127.0.0.10 அல்லது 11 என்றால் பிபிஎல். இந்த நான்கிற்கும் காரணமும் வேறு, தீர்வும் வேறு. இவற்றை ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் பெரும்பாலோரின் நேரம் வீணாகிறது.

ஸ்பேம்ஹாஸின் சரிபார்ப்புப் பக்கத்தை நான் மதிப்பதற்குக் காரணமே, அது இந்த வேறுபாட்டை மறைக்காமல் காட்டுகிறது என்பதுதான். ஐபி முகவரியைக் கொடுத்ததும் எந்தப் பட்டியலில் இருக்கிறது என்பதோடு நிற்காமல், விவரத்தைத் திறந்தால் ஏன் சேர்க்கப்பட்டது என்றும் சொல்கிறது. எங்கள் முகவரி எக்ஸ்பிஎல் பட்டியலில் இருந்தது; அது வைரஸ் தொற்றிய கணினிகளுக்கான பட்டியல். கடைசியாகக் கண்டறியப்பட்ட தேதியும் நேரமும் இருந்தன. அந்த இணைப்பு தன்னை என்ன பெயரில் அறிமுகப்படுத்திக்கொண்டது என்பதும் இருந்தது. அந்தப் பெயர் எங்கள் மெயில் சர்வரின் பெயரே அல்ல. நேரம் யுடிசி (உலகப் பொது நேரம்) கணக்கில் 2.40 என்று காட்டியது. அதோடு ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டினால் நம் கடிகாரத்தில் காலை 8.10. அலுவலகம் திறக்கும் முன்பே, மாங்காய் லாரிகள் வரிசை கட்டும் அந்த வேளையில் ஓடிக்கொண்டிருக்கும் கணினி ஆலையில் ஒன்றுதான் உண்டு. அது வாசலில் உள்ள எடைமேடைக் கணினி.

ரவுட்டரின் பதிவேட்டைத் திறந்து பார்த்தபோது அது உறுதியானது. எடைமேடைக் கணினியில் இருந்து, மெயில் சர்வர்கள் தங்களுக்குள் பேசும் வாசலான போர்ட் 25 வழியாக முன்பின் தெரியாத சர்வர்களுக்கு இணைப்புகள் போய்க்கொண்டிருந்தன. யாரோ பென் டிரைவில் கொண்டுவந்து போட்ட, உரிமம் இல்லாத ஒரு மென்பொருளோடு சேர்ந்து தொற்று உள்ளே வந்திருக்கிறது. ஆலை முழுவதும் ஒரே பொது ஐபி முகவரியின் பின்னால் இருப்பதால், எடைமேடையில் நடந்த கேடு மெயில் சர்வரின் தலையில் விழுந்துவிட்டது. கணினியைப் பிரித்தெடுத்து, முழுவதும் அழித்து, விண்டோஸைப் புதிதாக நிறுவினோம். அதைவிட முக்கியமான வேலை ரவுட்டரில் இருந்தது: மெயில் சர்வரைத் தவிர வேறு எந்தக் கணினியும் போர்ட் 25 வழியாக வெளியே பேசக் கூடாது என்று விதி எழுதினோம். பணியாளர்களின் மெயில் மென்பொருள் 587 அல்லது 465இல் இயங்குவதால், இந்த விதியால் யாருடைய வேலையும் தடைபடவில்லை. சிறிய அலுவலகமாக இருந்தாலும் இந்த ஒரு விதியை இன்றே எழுதிவிடுங்கள் என்று எனக்குத் தெரிந்த எல்லோரிடமும் சொல்லி வருகிறேன்.

அதன் பிறகே நீக்கம் கோரினோம். படிவம் நீளமானதல்ல: தொடர்பு கொள்பவரின் பெயர், மின்னஞ்சல், சிக்கல் எப்படிச் சரிசெய்யப்பட்டது என்ற விவரம் ஆகியவற்றைக் கேட்கிறது, உறுதி செய்வதற்கு ஒரு மெயிலும் அனுப்புகிறது. தடைப்பட்டியல் நாம் அனுப்பும் மெயிலைத்தான் பாதிக்கும், நமக்கு வருவதைப் பாதிக்காது என்பதால் அந்த உறுதி மெயில் ஆலையின் முகவரிக்கே தடையின்றி வந்து சேர்ந்தது. மறுநாள் காலையில் முகவரி பட்டியலில் இல்லை. ஒரு ரூபாய்கூடச் செலவாகவில்லை. காரணத்தைக் களையாமல் பொத்தானை மட்டும் அழுத்தியிருந்தால், எடைமேடைக் கணினியின் அடுத்த இணைப்பிலேயே பெயர் மீண்டும் ஏறியிருக்கும். அப்படித் திரும்பத் திரும்ப ஏறினால், நாமே நீக்கிக்கொள்ளும் வசதி மறுக்கப்படவும் கூடும்.

மற்ற பட்டியல்களின் நிலை வேறு. பிபிஎல் குற்றப்பட்டியலே அல்ல. வீட்டு இணைப்புகளைப் போல, நேரடியாக மெயில் அனுப்பத் தேவையில்லாத முகவரிகளின் தொகுப்பு அது. நிலையான ஐபி வாங்கிச் சொந்த மெயில் சர்வர் நடத்துபவர்கள், இணையச் சேவை நிறுவனத்திடம் சொல்லி அந்த முகவரிக்கு ரிவர்ஸ் டிஎன்எஸ் பெயரை (எண்ணைக் கொண்டு தேடினால் கிடைக்கும் சர்வர் பெயர்) அமைத்துக்கொண்ட பிறகு விலக்குக் கோரலாம். எஸ்பிஎல் கடினமானது: அதில் நீக்கக் கோரிக்கை அந்த முகவரிக்கு உரிய இணையச் சேவை நிறுவனத்திடம் இருந்துதான் போக வேண்டும். நாம் எத்தனை முறை எழுதினாலும், நிறுவனத்தின் அத்துமீறல் புகார்ப் பிரிவு அசையாமல் எதுவும் நகராது.

எம்எக்ஸ்டூல்பாக்ஸ் போன்ற தளங்களையும் பயன்படுத்தினேன். ஒரே நேரத்தில் நூறுக்கு மேற்பட்ட பட்டியல்களைத் தேடிக் காட்டுவதால் முதல் பார்வைக்கு அவை நன்றாகவே உதவுகின்றன. ஆனால் எல்லாப் பட்டியலுக்கும் ஒரே சிவப்பு நிறம் என்பது அங்கே பெரிய குறை. பெரிய மெயில் நிறுவனங்கள் பார்க்கும் பட்டியலும், யாருமே பார்க்காத பட்டியலும் பக்கத்துப் பக்கத்தில் ஒரே எடையுடன் நிற்கின்றன. அதைக் கண்டு பதறிப்போய் ஒவ்வொன்றிலும் விண்ணப்பிப்பதைவிட, திரும்பி வந்த மெயிலுக்குள் எந்தப் பட்டியலின் பெயர் எழுதப்பட்டிருக்கிறது என்று படிப்பதுதான் சரியான தொடக்கம். அந்தப் பெயர்தான் நம் மெயிலைத் தடுத்தது, மற்றவை காத்திருக்கலாம். ஸ்பேம்காப் பட்டியலில் புதிய புகார் வராவிட்டால் சுமார் 24 மணி நேரத்தில் முகவரி தானாகவே விழுந்துவிடும். சோர்ப்ஸ் என்ற இன்னொரு பட்டியல் 2024 ஜூனில் மூடப்பட்டுவிட்டது.

பணம் கேட்கும் பட்டியல்களும் இருக்கின்றன. விரைவாக எடுத்துவிடக் கட்டணம் என்று அறிவித்திருக்கும் அந்தப் பக்கத்தை ஆலை உரிமையாளரின் கைபேசிக்கு யாரோ அனுப்பியிருந்தார்கள். “பணம் கட்டினா உடனே எடுத்துடுவாங்களாம் தம்பி, கட்டிடலாமா?” என்று அவர் கேட்டார். சீசன் நேரத்தில் ஒவ்வொரு நாளும் அவருக்கு என்ன இழப்பு என்று தெரிந்தவன் என்பதால் அந்தக் கேள்வியில் தவறு காண எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் வேண்டாம் என்று உறுதியாகச் சொன்னேன். தடைப்பட்டியல் நடத்துவோருக்கான நடைமுறைகளைத் தொகுத்து 2012இல் வெளியான ஆர்எஃப்சி 6471 என்ற இணைய நடைமுறை ஆவணம், பட்டியலிடப்பட்டவரிடம் நீக்குவதற்கோ விரைவுபடுத்துவதற்கோ கட்டணம் வாங்கவே கூடாது என்கிறது. அப்படி வாங்கும் பட்டியல்களை மெயில் சர்வர் நடத்துவோர் பயன்படுத்தாமல் இருப்பதே நல்லது என்றும் பரிந்துரைக்கிறது. ஸ்பேம்ஹாஸின் ஏற்பாடு இதற்கு நேர்மாறானது: வணிக நோக்கில் பட்டியலைப் பயன்படுத்தும் நிறுவனங்கள் கட்டணம் செலுத்துகின்றன, பட்டியலில் சிக்கியவர் எதுவும் செலுத்துவதில்லை. யாரிடம் இருந்து வருமானம் வருகிறது என்பது ஒரு பட்டியலின் நேர்மையைப் பற்றி நிறையச் சொல்லிவிடுகிறது என்பது என் கருத்து.

தர்மபுரியில் கிரானைட் வணிகம் செய்யும் நண்பர் ஒருவருக்கு வந்த சிக்கல் இன்னும் விசித்திரமானது. இதையும் பலர் அறிந்துகொள்ள வேண்டும். அவர் மெயிலும் ஸ்பேம்ஹாஸ் பெயரைச் சொல்லியே திரும்பியது. ஆனால் சரிபார்ப்புப் பக்கத்தில் அவருடைய ஐபி முகவரியும் டொமைன் பெயரும் சுத்தமாக இருந்தன. திரும்பிய மெயிலைக் கடைசி வரி வரை படித்தபோதுதான் காரணம் தெரிந்தது. வாங்குபவரின் சர்வர், 8.8.8.8 போன்ற பொது டிஎன்எஸ் வழியாக ஸ்பேம்ஹாஸைக் கேட்டிருக்கிறது. பொது டிஎன்எஸ் வழியாக வரும் கேள்விகளுக்கு ஸ்பேம்ஹாஸ் விடை தருவதில்லை, 127.255.255.254 என்ற பிழைக் குறியை அனுப்புகிறது. அதன் பொருள் ‘கேட்ட முறை தவறு’ என்பது மட்டுமே. அந்தச் சர்வரோ, என்ன பதில் வந்தாலும் தடை என்று எடுத்துக்கொள்ளும்படி அமைக்கப்பட்டிருந்தது. இந்த நிலையில் அனுப்புபவர் எந்தப் படிவத்தை நிரப்பியும் பயனில்லை. பெறுபவரின் கணினிப் பிரிவுதான் தன் சர்வரைத் திருத்த வேண்டும். நண்பர் அந்தப் பிழைக் குறியைக் குறிப்பிட்டு வேறொரு முகவரியில் இருந்து பணிவாக எழுதினார், அவர்கள் திருத்தினார்கள். இந்தக் குறியின் பொருளைத் தன் உதவிப் பக்கத்தில் ஸ்பேம்ஹாஸ் தெளிவாகவே விளக்கியிருக்கிறது. ஆனால் சரிபார்ப்புப் பக்கத்தில் ‘பட்டியலில் இல்லை’ என்று பச்சை நிறத்தில் காட்டும் இடத்திலேயே, ‘அப்படியும் மெயில் திரும்பினால் இதைப் பாருங்கள்’ என்று இன்னும் எடுப்பாகச் சொல்லியிருக்கலாம்.

குறைந்த கட்டணத்தில் பகிர்வு ஹோஸ்டிங் வாங்கியிருப்பவர்களின் நிலைதான் எனக்கு மிகவும் வருத்தம் தருகிறது. பர்கூர் துணிக்கடைகள் முதல் ஓசூர் மலர்ப் பண்ணைகள் வரை பலர் அப்படித்தான் இருக்கிறார்கள். ஒரே ஐபி முகவரியில் நூற்றுக்கணக்கான வாடிக்கையாளர்கள் இருப்பார்கள்; அவர்களில் ஒருவர் தளம் உடைக்கப்பட்டு ஸ்பேம் போனால் எல்லோருக்கும் தடை. அங்கே நீக்கம் கோரும் உரிமையும் பொறுப்பும் ஹோஸ்டிங் நிறுவனத்துடையவை. எனக்குத் தெரிந்த ஒரு கடைக்காரருக்கு அவருடைய நிறுவனம், ‘48 மணி நேரம் காத்திருங்கள்’ என்ற ஒரே பதிலைத் திரும்பத் திரும்ப அனுப்பி டிக்கெட்டை மூடிக்கொண்டே இருந்தது. காரணம் என்ன, யாருடைய கணக்கு நிறுத்தப்பட்டது என்று ஒரு வரி இல்லை. அப்படிப்பட்டவர்கள் மெயிலை மட்டும் ஜோஹோ மெயில், கூகுள் ஒர்க்ஸ்பேஸ் போன்ற தனி மெயில் சேவைக்கு மாற்றிக்கொள்வது மாதக் கட்டணத்துக்குத் தகுந்த மன அமைதியைத் தரும். இணையதளம் பழைய இடத்திலேயே இருக்கலாம். டொமைனின் எம்எக்ஸ் (மெயில் எந்தச் சர்வருக்கு வர வேண்டும்), எஸ்பிஎஃப் (எந்தச் சர்வர்கள் அனுப்பலாம்), டிகேஐஎம் (மெயிலில் இடும் கையொப்பத்தைச் சரிபார்க்கும் சாவி) பதிவுகளை மட்டும் மாற்றினால் போதும்.

ஸ்பேம்ஹாஸில் இருந்து வெளிவந்துவிட்டால் எல்லா வாசல்களும் திறந்துவிடும் என்றும் எண்ணிவிடக் கூடாது. மைக்ரோசாஃப்ட் தனக்கெனத் தனித் தடைப்பட்டியல் வைத்திருக்கிறது, 550 5.7.606 போன்ற எண்ணோடு மெயில் திரும்பினால் அவர்களுடைய நீக்கத் தளத்தில்தான் கோர வேண்டும். ஜிமெயில் தன் சொந்த மதிப்பீட்டையே பெரிதும் நம்புகிறது. 2024 பிப்ரவரி முதல், ஜிமெயில் முகவரிகளுக்கு நாளொன்றுக்கு 5000க்கு மேல் அனுப்புவோர் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் (அந்த இரண்டிலும் தேறாத மெயிலை என்ன செய்வது என்று சொல்லும் பதிவு) மூன்றையும் அமைத்திருக்க வேண்டும், ஸ்பேம் புகார் விகிதம் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது என்று விதித்திருக்கிறது. மாங்கூழ் ஆலை எதுவும் அந்த எண்ணிக்கையை எட்டப்போவதில்லை என்றாலும், அந்த மூன்று பதிவுகளும் எந்த அளவில் அனுப்புபவருக்கும் தேவை.

ஸ்பேம்ஹாஸ் சேவையில் நான் காணும் குறைகள் இரண்டு. தொலைபேசியில் பேச வழி இல்லை. எல்லாமே படிவத்திலும் டிக்கெட்டிலும்தான். கணினிப் பணியாளர் இல்லாத சிறு ஆலைக்காரருக்கு, ஆங்கிலத்தில் வரும் விளக்கத்தைப் படித்து, அதில் சொல்லப்படும் பெயரையும் நேரத்தையும் தன் ஆலைக் கணினியோடு பொருத்திப் பார்ப்பது எளிதல்ல. இரண்டாவது, ஒரே ஐபியின் பின்னால் பல கணினிகள் இருக்கும்போது எந்தக் கணினி என்று அவர்களால் காட்ட முடியாது. வெளியில் இருந்து பார்ப்பவர்களுக்கு அது தெரியவும் தெரியாது என்பதால் அதை அவர்களுடைய தவறாகச் சொல்வது நியாயமல்ல; ஆனால் ரவுட்டரில் பதிவேடு வைத்திராத இடங்களில் அந்தத் தேடல் நாள்கணக்கில் நீளும். எங்களுக்கு அது விரைவில் முடிந்ததற்குப் பதிவேடு இருந்ததே காரணம். புதிதாக ரவுட்டர் வாங்குபவர்கள், விலை சற்று கூடினாலும், வெளிச்செல்லும் இணைப்புகளைப் பதிவு செய்யும் வசதியும் போர்ட் வாரியாகத் தடுக்கும் வசதியும் உள்ளதா என்று கடையிலேயே கேட்டு வாங்குங்கள்.