அம்மாவின் நடையை அளந்த 14 மாதங்கள்

அம்மாவுக்கு இடது முட்டியில் மூட்டு மாற்று ஆபரேஷன் நடந்து ஒரு வருஷம் ஆகிறது. அதற்கு இரண்டு மாதம் முன்பிருந்தே நடையை அளந்து குறித்து வைக்கிறேன். கையில் இருந்தது என் பழைய ஐபோன், ஒரு ஸ்டாப்வாட்ச், இஞ்ச் டேப். அவ்வளவுதான்.

ஐபோனின் ஹெல்த் செயலி, ஐஓஎஸ் 14 வந்த 2020-லிருந்தே நடை வேகம், அடியின் நீளம், இரண்டு பாதமும் சேர்ந்து தரையில் நிற்கும் நேரம், இரு கால்களின் நடைக்கும் உள்ள வித்தியாசம் ஆகியவற்றைத் தானாகவே கணக்கெடுக்கும். ஆனால் போன் இடுப்பருகே இருக்க வேண்டும். புடவையில் பாக்கெட்டுக்கு எங்கே போவது? முதல் இரண்டு வாரம் போன் டீவி ஸ்டாண்டிலேயே கிடந்தது, பதிவும் காலி. அப்புறம் டெய்லரிடம் கொடுத்து உள்பாவாடையில் ஒரு பை தைத்தோம். ஆபரேஷனுக்குப் பிறகு பை வைத்த நைட்டி.

போனைவிட நான் அதிகம் நம்பியது நாற்காலிச் சோதனையைத்தான். உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார எத்தனை விநாடி ஆகிறது என்று பார்ப்பது. 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் வயதானவர் விழுந்துவிடும் வாய்ப்பு அதிகம் என்பார்கள். ஹால் தரையில் சிவப்பு டேப் ஒட்டிவிட்டேன். ஆபரேஷனுக்கு முன் 21 விநாடி. ஐந்தாவது வாரம், வாக்கரோடு, 26. பயந்துவிட வேண்டாம், ஆரம்பத்தில் பெரும்பாலானவர்களுக்கு நடை மந்தமாகித்தான் பிறகு தேறும். மூன்றாம் மாதம் 15, இப்போது 11. நடுவில் ஒருநாள் திடீரென 18 காட்டியது. காரணம் முட்டி இல்லை, நாற்காலி. மர நாற்காலிக்குப் பதில் தாழ்வான பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டிருந்தேன்.

என்னை நிஜமாகவே கலக்கியது இன்னொரு எண். இரு கால் வித்தியாசம் ஆபரேஷனுக்கு முன் 5 சதவீதம். மூன்றாம் மாதம் 18. வலி குறைந்திருக்கிறது, வேகம் கூடியிருக்கிறது, இது மட்டும் ஏன் மோசமாகிறது? பிசியோ சிரித்தார். "முன்னாடி ரெண்டு முட்டியும் சேர்ந்து கெட்டிருந்துச்சு சார், அதான் நடை சமமா தெரிஞ்சுது. இப்ப ஒண்ணு மாறிடுச்சு. தொடைத் தசைக்கும் இன்னும் பலம் வரல." முன்பு வாத்து மாதிரி இரண்டு பக்கமும் ஆடி ஆடி நடந்ததைப் போன் "சமம்" என்று எழுதி வைத்திருக்கிறது! தொடைப் பயிற்சியை விடாமல் செய்ததில் இப்போது 9-க்கு வந்திருக்கிறது.

முட்டி எவ்வளவு மடங்குகிறது என்பதை இந்தச் செயலி சொல்லாது. அதற்குப் பிசியோவின் கோணமானிதான். அம்மாவின் கணக்கே வேறு: டவுன் பஸ் படியில் எந்தக் காலை முதலில் வைக்கிறார் என்பது. எட்டாம் மாதம் இடது காலை வைத்து ஏறினார். அன்றைக்குப் போன் வீட்டில் இருந்தது.

போன வாரம் அவருடைய பழைய செருப்பைத் திருப்பிப் பார்த்தேன். இரண்டுமே வெளி ஓரத்தில் தேய்ந்திருந்தன, கால் வில்லாக வளைந்திருந்ததால். இந்த வருஷம் வாங்கிய ஜோடியில் இடது சீராகத் தேய்ந்திருக்கிறது. வலது அதே வெளி ஓரம்தான்.

வலது முட்டிக்கு அடுத்த மாதம் நாள் குறித்தாகிவிட்டது. அளவெடுக்க ஆரம்பித்துவிட்டேன், மர நாற்காலியில்.