கேஸ்கேட் பனியா, கொலராடோ பனியா: எதை நம்பி ஏறலாம்?

கேஸ்கேட், கொலராடோ இரண்டில் எங்கே பனிச்சரிவு ஆபத்து குறைவு என்ற கேள்வி, அமெரிக்காவில் ஸ்கீ (பனிச்சறுக்கு) ரிசார்ட்டுக்குள் மட்டும் சுற்றுகிறவர்களுக்குப் பெரிதாகத் தேவைப்படாது. அங்கே ஊழியர்களே காலையில் வெடி வைத்து, சரியக்கூடிய பனியைச் சரித்துவிடுவார்கள். எல்லைக் கயிற்றைத் தாண்டித் திறந்த மலையில் ஏறுகிறவர்களுக்குத்தான் இந்தக் கேள்வி. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: புதியவர் என்றால் வாஷிங்டன் மாநிலத்தின் கேஸ்கேட் மலை, அதுவும் புயல் அடங்கி இரண்டு மூன்று நாள் கழித்து.

கேட்டால் விசித்திரமாக இருக்கும். ஏனென்றால் பனி கொட்டுவதில் கேஸ்கேட்டை அடிக்க ஆளில்லை. 1998-99 பருவத்தில் பேக்கர் மலை ஸ்கீ தளத்தில் 1,140 அங்குலம், அதாவது சுமார் 29 மீட்டர் விழுந்தது, உலக சாதனை அது. ஆனால் கடல் பக்கத்தில் இருப்பதால் அந்தப் பனி ஈரமானது, உறைநிலைக்கு அருகிலேயே இருப்பது, தன் எடையிலேயே சீக்கிரம் இறுகிவிடும். ஆபத்து பெரும்பாலும் புயலோடு வந்து புயலோடு போகும். ஜனவரியிலேயே அங்கிருக்கும் ஸ்னோக்வால்மி கணவாயில் மழை பெய்யும், பனி மேல் மழை விழுந்தால் அன்றைக்கு வீட்டிலேயே இருங்கள். 1910 மார்ச் 1 அன்று இதே கேஸ்கேட்டில் இருந்த வெல்லிங்டன் என்ற ரயில் ஊரில் நாள்கணக்கில் பனி கொட்டி, அப்புறம் இடியும் மழையுமாக வந்தபோதுதான் மலை சரிந்து இரண்டு ரயில்களை அடித்துக்கொண்டு போனது. 96 பேர் இறந்தார்கள், அமெரிக்காவில் பனிச்சரிவு அதற்குமேல் உயிர்ப்பலி வாங்கியதில்லை.

கொலராடோ வேறு ஜாதி. பனி குறைவு, குளிர் அதிகம், வானம் தெளிவு. பார்த்தால் சாதுவாகத் தெரியும், சிக்கலே அங்கேதான். பருவத் தொடக்கத்தில் மெல்லியதாகப் பனி விழுந்து கிடக்கும்போது அடியில் தரை பூஜ்ஜியம் டிகிரிக்கு அருகில், மேலே காற்று மைனஸ் 20, இடையில் இருப்பதோ அரை மீட்டர் பனி. அந்த வித்தியாசத்தில் நீராவி கீழிருந்து மேலே ஏற ஏற, பனித்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாத சீனி மாதிரி ஆகிவிடும். அதன்மேல் அடுத்தடுத்த புயல்கள் கெட்டியான பலகை போல அடுக்கிவைக்கும். இந்த அடி அடுக்கு வாரக்கணக்கில், சில வருடம் மாதக்கணக்கில் சரியாகாது. பத்து நாளாகப் பனியே விழவில்லை, நீல வானம், முன்னால் நான்கு பேர் போன தடம் வேறு இருக்கிறது என்று நீங்கள் காலை வைக்க, ஐந்தாவது ஆளுக்கு உடையலாம்.

மாட்டிக்கொள்ள நீங்கள் அந்தச் சரிவின்மேல் நிற்கக்கூட வேண்டியதில்லை. 2013 ஏப்ரல் 20 அன்று கொலராடோவின் லவ்லண்ட் கணவாய் அருகே ஷீப் க்ரீக்கில், ஆபத்து இருப்பது தெரிந்தே அதைத் தவிர்க்கப் பார்த்த குழு அது. கீழே நடந்துகொண்டிருந்தபோதே மேலே இருந்த சரிவு உடைந்து வந்து ஆறு பேரை மூடியது, ஐந்து பேர் இறந்தார்கள். 2020-21 பருவத்தில் கொலராடோவில் மட்டும் பனிச்சரிவில் 12 பேர் இறந்தார்கள்.

பனிச்சரிவு முன்னறிவிப்பில் அபாயத்தை 1 முதல் 5 வரை சொல்லும் அளவுகோலில் இரண்டு இடத்துக்கும் ஒரே 3 என்று போட்டிருப்பார்கள். கேஸ்கேட்டில் அந்த 3 பெரும்பாலும் ஓரிரு நாளில் இறங்கிவிடும். கொலராடோவில் அது வாரக்கணக்கில் அங்கேயே நிற்கும், பார்த்துப் பார்த்து நமக்கு மரத்துப்போகும்.

அதற்காக கேஸ்கேட்டைத் தலையில் தூக்கிவைக்கவும் முடியாது. அங்கேயும் சில வருடம் பலவீன அடுக்கு புதைந்து கிடக்கும். 2012 பிப்ரவரியில் ஸ்டீவன்ஸ் கணவாய் அருகே டனல் க்ரீக்கில் இறந்த மூவரும் அனுபவசாலிகள். ஈரப்பனி கனம், மரங்கள் அடர்த்தி, அடித்துச் சென்று மரத்தில் மோதினால், புதைந்தவரைத் தேடிக் கண்டுபிடிக்க உடம்பில் கட்டிக்கொள்ளும் பீக்கன் கருவி என்ன செய்யும்?

கொலராடோதான் பக்கம் என்றால் 30 டிகிரிக்குக் குறைவான சரிவுகளில் மட்டும் போங்கள், தலைக்கு மேலே செங்குத்து எதுவும் இல்லாத இடமாகவும் இருக்கட்டும். பெரிய சரிவுகளை வசந்தத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். பகலில் உருகி இரவில் உறைந்து அடுக்கு முழுக்க இறுகிய பிறகு, அதிகாலையில் ஏறி வெயில் ஏறுமுன் இறங்கிவிடலாம். புதுப்பனி பெரிதாகக் கொட்டிவிட்டால் அந்தக் கணக்கும் செல்லாது, ஷீப் க்ரீக் நடந்தது ஏப்ரலில்தான்.