நெடுஞ்சாலையில் ஆறு நாள்: தஞ்சை ஓட்டுநர் பள்ளி ஒன்றின் மறுபயிற்சி வகுப்பு

உரிமம் வாங்கிப் பதினான்கு ஆண்டுகள் ஆன ஒருத்தி மறுபடியும் 'எல்' போர்டு மாட்டிய காரில் போய் உட்கார்ந்தால் ஊர் சிரிக்கத்தான் செய்யும். கும்பகோணத்தில் எங்கள் தெருவும் சிரித்தது. ஆனால் மாதம் ஒருமுறை மாமியாரைத் திருச்சி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும் பொறுப்பு எனக்கு வந்தபோது, வீட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் இடையே நாற்பது கிலோமீட்டர் வேகத்திலேயே ஓட்டிப் பழகியிருந்த கை, தஞ்சையைத் தாண்டிய நான்குவழிச் சாலையில் நடுங்கியது. வல்லத்தில் தொடங்கிச் செங்கிப்பட்டி வரை ஒரு பேருந்து என் பின்னாலேயே ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு வந்த நாளில்தான், ஆக்டிங் டிரைவரை நம்பியிருப்பதா, நானே கற்றுக்கொள்வதா என்பதை முடிவு செய்தேன்.

தஞ்சையில் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி ஒன்று, உரிமம் வைத்திருப்பவர்களுக்கென்று 'ஹைவே வகுப்பு' நடத்துகிறது. ஆறு நாள், காலை ஆறு மணிக்குத் தொடங்கி நாளுக்கு இரண்டு மணி நேரம், கட்டணம் 4,800 ரூபாய். பெட்ரோல் அதில் அடக்கம், சுங்கக் கட்டணம் தனி. பள்ளியின் பெயரை எழுதாமல் விடுகிறேன். குறைகளும் சொல்லப் போகிறேன், மேலும் அது ஒரு சாமியின் பெயர், அந்தப் பெயரில் டெல்டாவில் ஊருக்கு இரண்டு பயிற்சிப் பள்ளிகள் இருக்கின்றன. பொங்கல் விடுமுறையை ஒட்டித் தங்கை வீட்டில் தங்கி வகுப்பை முடித்தேன்.

பயிற்றுநர் ஓய்வுபெற்ற அரசுப் பேருந்து ஓட்டுநர். முதல் நாள் முக்கால் மணி நேரம் இருக்கையையும் கண்ணாடிகளையும் சரிசெய்வதிலேயே கழிந்தது. பக்கக் கண்ணாடியில் என் காரின் கதவு பாதி தெரியும்படி இத்தனை ஆண்டுகள் வைத்திருந்தேன் என்பதை அவர் சொல்லித்தான் உணர்ந்தேன். புதிதாகக் கற்பவர்களுக்கு விதிப்படி இருபத்தொரு நாள் பயிற்சி உண்டு. என் காலத்துப் பயிற்சியில் மூன்றாவது கியருக்கு மேல் போனதாக நினைவில்லை. வலப்புறத் தடம் எதற்கு, இடப்புறத் தடம் எதற்கு என்று யாரும் சொல்லவும் இல்லை. டெல்டாவில் கார் ஓட்டும் பெரும்பாலோர் இதே வழியாக வந்தவர்கள்தாம் என்பதை நினைத்தால், சாலையில் நாம் எரிச்சலடையும் பாதி விஷயங்களுக்குக் காரணம் புரிந்துவிடுகிறது.

இரண்டாம் நாள் வாழவந்தான்கோட்டை சுங்கச்சாவடியை நோக்கிப் போகும்போது, நெல் மூட்டை ஏற்றிய லாரி ஒன்று வலப்புறத் தடத்தில் ஐம்பதில் ஊர்ந்துகொண்டிருந்தது. 2017-இல் வந்த மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகளின்படி இடப்புறமாகச் செல்வதுதான் முறை, வலப்புறம் முந்துவதற்கு. நான் வழக்கம்போல் முணுமுணுத்தேன். பயிற்றுநர் லாரியை விட்டுவிட்டு இடப்புறத் தடத்தைப் பார்க்கச் சொன்னார். ஐந்து கிலோமீட்டருக்குள் அந்தத் தடத்தில், நின்றுகொண்டிருந்த ஒரு சரக்கு ஆட்டோ, பயணியை இறக்கிவிட்டுக்கொண்டிருந்த நகரப் பேருந்து, புல்லுக்கட்டோடு போன டிவிஎஸ் எக்ஸெல், சர்வீஸ் ரோட்டிலிருந்து திரும்பிக்கூடப் பார்க்காமல் ஏறிய இரண்டு பைக்குகள், டீக்கடை வாசலில் பாதி உடல் சாலையில் நீட்டியிருந்த டிப்பர் ஆகியவற்றை எண்ணினேன். பதினைந்து டன் எடையோடு ஒவ்வொன்றுக்கும் பிரேக் போட்டு மறுபடி வேகம் பிடிக்க யாருக்கும் மனம் வராது. லாரிக்காரர் செய்தது சரி என்று பயிற்றுநர் சொல்லவில்லை. அவர் ஏன் அங்கே இருக்கிறார் என்பது தெரிந்தால், ஹாரனை அழுத்தும் கைக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும் என்றார். ஒரு முறை விளக்கு, ஒரு முறை குறுகிய ஹாரன், பிறகு காத்திருத்தல். அதற்கும் நகராவிட்டால் இடப்புறக் கண்ணாடியையும் தோளுக்குப் பின்னால் கண்ணாடியில் தெரியாத இடத்தையும் பார்த்துவிட்டு நிதானமாகக் கடந்துபோதல். இதையே மூன்று நாள் பழக்கினார்.

இந்த வகுப்பின் சிறந்த பகுதி, என்னைப் பொறுத்தவரை, விளக்குகளின் பாஷையைப் பற்றியது. எதிரே வருபவர் ஹெட்லைட்டை இரண்டு முறை மின்னினால் 'நீங்கள் முதலில் வாருங்கள்' என்கிறார் என்று நான் எங்கோ படித்து நம்பியிருந்தேன்.

"டீச்சர், அவன் லைட் அடிச்சா 'நீ வா'ன்னு அர்த்தம் இல்ல, 'நான் வந்துட்டேன்'னு அர்த்தம். நம்ம ஊருக்கு அதை மட்டும் மாத்திப் புரிஞ்சுக்காதீங்க" என்றார் அவர்.

அதைவிடச் சிக்கலானது லாரியின் வலப்புற இண்டிகேட்டர். அது மின்னினால் லாரி வலப்பக்கம் திரும்பப் போகிறது என்று ஒரு பொருள். எதிரே வண்டி வருகிறது, முந்தாதே என்று இன்னொரு பொருள். வழி காலியாக இருக்கிறது, முந்திக்கொள் என்று மூன்றாவது பொருள். இந்த மூன்றையும் ஒரே சாலையில், ஒரே விளக்கைக் கொண்டு, வெவ்வேறு ஓட்டுநர்கள் சொல்கிறார்கள். முந்திச் செல்ல அனுமதிப்பதற்கு முறையான கைச்சைகை ஒன்று உண்டு: வலக்கையை வெளியே கிடைமட்டமாக நீட்டி, அரைவட்டமாக முன்னும் பின்னும் வீச வேண்டும். பயிற்றுநர் அதை ஜன்னல் வழியாகச் செய்து காட்டியபோது, முப்பது ஆண்டு பேருந்து ஓட்டிய கை எப்படி இருக்கும் என்று தெரிந்தது. வாய்க்கால் மதகைத் திறப்பதுபோல் அத்தனை நிதானம். இன்று குளிர்சாதனக் கண்ணாடிக்குப் பின்னால் இருப்பவர்கள் யாரும் கையை நீட்டுவதில்லை, கிளீனர் இல்லாத லாரிகளும் பெருகிவிட்டன. ஆகவே அவர் கொடுத்த விதி ஒன்றுதான்: வலப்புற இண்டிகேட்டர் எரியும் வண்டியை, அது என்ன சொல்கிறது என்று உறுதியாகும்வரை முந்தவே கூடாது.

தை மாதப் பனியில் இன்னொரு பழக்கத்தையும் பார்த்தோம். நான்கு இண்டிகேட்டர்களையும் எரியவிட்டுக்கொண்டு எண்பதில் பறக்கும் கார்கள். நிற்கும் வண்டிக்கான விளக்கை ஓடும் வண்டி போட்டால், அது தடம் மாறப் போவதைச் சொல்ல விளக்கே மிச்சமிருக்காது. சந்திப்பில் நேராகப் போவதற்கும் இதையே போடுகிறவர்கள் இருக்கிறார்கள். பக்கத்துத் தெருவிலிருந்து வருபவருக்கு ஒரு பக்க விளக்கு மட்டும்தான் கண்ணில் படும் என்பது அவர்களுக்குத் தோன்றுவதே இல்லை.

இடைவெளியைப் பற்றிய பாடம் எனக்குப் பிடித்தது, கணக்கு டீச்சர் என்பதாலும் இருக்கலாம். எண்பது கிலோமீட்டர் வேகம் என்றால் ஒரு விநாடிக்கு 22 மீட்டர். முன் வண்டிக்கும் நமக்கும் இரண்டு விநாடி, அதாவது 44 மீட்டர் இருக்க வேண்டும், நான்கு பேருந்துகளை வரிசையாக நிறுத்துகிற இடம். முன்னால் போகும் வண்டி ஒரு மைல்கல்லைக் கடந்ததும் 'திருக்காட்டுப்பள்ளி, திருக்காட்டுப்பள்ளி' என்று நிதானமாக இரண்டு முறை சொல்லி முடிக்கும் முன் நாம் அந்தக் கல்லைத் தொட்டுவிட்டால், நெருங்கிவிட்டோம் என்று பொருள். சிக்கல் என்னவென்றால், அந்த நான்கு பேருந்து இடத்தைக் கண்டதும் யாராவது ஒருவர் உள்ளே நுழைந்துவிடுகிறார். எனக்கு ஆத்திரம் வந்தது. "வரட்டும் டீச்சர், மறுபடியும் ஊர் பேரைச் சொல்லுங்க" என்பதுதான் பதில். செங்கிப்பட்டிக்குள் ஏழு முறை சொன்னேன்.

ராங் சைடில் வரும் பைக்குகளைப் பற்றி அவர் பேசியதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. எதிர்த்திசையில் ஓட்டுவது 2019 சட்டத்திருத்தத்துக்குப் பிறகு அபாயகரமாக ஓட்டும் குற்றத்தில் அடங்கும், முதல் முறைக்கே 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. சென்டர் மீடியனில் திறப்பு வெகு தூரம் தள்ளி இருந்தால், எதிர்ப்பக்கத்து வயலுக்குப் போக வேண்டியவர் என்ன செய்வார் என்று அவர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் நாங்கள் பார்த்தவர்களில் வயலுக்குப் போகிறவர்களைவிட டிபன் வாங்கப் போகிறவர்களே அதிகம். ஆம்புலன்ஸின் வாலைப் பிடித்துக்கொண்டு ஓடும் கார்களைப் பற்றி மட்டும் இருவருக்கும் ஒரே கருத்து. வழிவிடாதவருக்கு 10,000 ரூபாய் அபராதம் இருப்பதுபோல், விட்ட வழியைத் திருடுகிறவருக்கும் ஏதாவது இருக்க வேண்டும்.

ஐந்தாம் நாள் திருவையாற்றுச் சாலை. நான்குவழிச் சாலைக்குப் பணம் கட்டிவிட்டு இங்கே எதற்கு என்று கேட்டேன். போன பிறகு கேள்வியைத் திரும்ப எடுத்துக்கொண்டேன். வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஆற்றுக்கு ஆறு பாலம் வர, ஒவ்வொன்றின் முனையிலும் யார் முதலில் என்ற போட்டி நடக்கிறது. அதைவிட முக்கியமான பாடம் சாலை ஓரத்தில் இருந்தது. சம்பா அறுவடை நெல்லை ஒரு தடம் முழுக்கப் பரப்பி, விளிம்பில் தலையளவு கற்களை வரிசையாக வைத்திருந்தார்கள். பார்த்தவுடன் எரிச்சல் வரும் காட்சிதான். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 விழுக்காட்டைத் தாண்டினால் நெல்லை எடுக்கமாட்டார்கள், மழை பெய்த ஆண்டுகளில் மட்டும் சிறப்பாகத் தளர்வு கிடைக்கும். களம் இல்லாத ஊரில் வெயில் நேராக விழும் தார்ச்சாலையைத் தவிர வேறு இடம் ஏது? பயிற்றுநர் காரை ஓரங்கட்டச் சொல்லி, நெல்லே இல்லாத ஓர் இடத்தைக் காட்டினார். அங்கே பதினொரு கற்கள் மட்டும் கிடந்தன. முந்தின நாள் மாலை நெல்லை அள்ளியவர்கள் கல்லை அள்ளவில்லை. இரவில் ஓட்டுகிறவருக்கு நெல்லைவிட இதுதான் எமன் என்று சொல்லிவிட்டு, தாமே இறங்கி ஒவ்வொன்றாக உருட்டி வாய்க்கால் பக்கம் தள்ளினார். நானும் நான்கைத் தள்ளினேன். வகுப்பு நேரத்தில் பத்து நிமிடம் போனது; அதற்காகக் குறை சொல்லமாட்டேன்.

குறை சொல்ல வேறு இருக்கிறது. முதலாவது, இந்த வகுப்பில் இரவு ஓட்டம் கிடையாது. மீடியனில் வளர்ந்திருக்கும் அரளி எதிர்விளக்கின் கூச்சத்தை எவ்வளவு தடுக்கிறது, அரளி பட்டுப்போன இடத்தில் எல்இடி விளக்கோடு டிம் செய்யாமல் வருபவரை எப்படிச் சமாளிப்பது, பின்விளக்கே இல்லாமல் கரும்பு ஏற்றிப் போகும் டிராக்டரை எத்தனை தூரத்தில் கண்டுபிடிப்பது என்பதையெல்லாம் காலை ஆறு மணிக்கு வாயால் சொல்லித்தான் தந்தார். கேட்டதற்கு, இரவுக்கு ஆள் இல்லை என்றார் உரிமையாளர். இரண்டாவது, பயிற்சிக் காரின் ஃபாஸ்டேக்கில் பணம் இல்லை. ரொக்கமாகக் கட்டினால் இரு மடங்கு, யுபிஐயில் கட்டினால் ஒன்றேகால் மடங்கு என்பது 2025 நவம்பரில் வந்து, அப்போது இருந்த முறை என்பதால் என் கைப்பேசியிலிருந்து ஒன்றேகால் மடங்கு கட்டினேன். சுங்கக் கட்டணம் தனி என்று ஒப்புக்கொண்டவள் நான்தான். அவர்கள் மறதிக்கான கால் மடங்கை ஏன் நான் கட்ட வேண்டும் என்று கேட்டதற்கு இன்றுவரை பதில் இல்லை. மூன்றாவது, உரிமையாளர் வகுப்பு நேரத்தில் பயிற்றுநரைக் கைப்பேசியில் அழைத்துக்கொண்டே இருக்கிறார். பயிற்றுநர் தம் பக்கத்தில் இருக்கும் இரண்டாவது பிரேக்கின் மேல் காலை வைத்துக்கொண்டு பேசுவதைப் பார்க்க எனக்குத்தான் பதற்றம்.

கடைசி நாள் பெட்ரோல் பங்கில் இறங்கியபோது, பின்னால் நின்ற பைக்காரர் சொல்லித்தான் தெரிந்தது: எங்கள் காரின் இடப்பக்கப் பிரேக் விளக்கு எரியவே இல்லை. எத்தனை நாளாக என்று யாருக்கும் தெரியாது. பயிற்றுநர் முகம் சுருங்கிவிட்டது, அவரைச் சொல்லிப் பயனில்லை. வண்டிகளைப் பார்த்துக்கொள்ள வேண்டியது பள்ளி.

வகுப்பு முடிந்த மூன்றாம் வாரம் மாமியாரோடு திருச்சி போனேன். வல்லம் தாண்டியதும் ஒரு லாரி வலப்புற இண்டிகேட்டரைப் போட்டபடி மெதுவாகப் போனது. நான் பின்னாலேயே நின்று பிடித்தேன். "ஏம்மா, அவன்தான் வழி விடுறானே, போயேன்" என்றார் மாமியார். அடுத்த திறப்பில் லாரி வலப்பக்கம் திரும்பிப் போயிற்று. அவர் ஒன்றும் சொல்லவில்லை, துவாக்குடி வரை கைப்பிடியை மட்டும் விடவில்லை.

ஊருக்குள் நன்றாக ஓட்டி, பைபாஸைக் கண்டால் பயப்படுகிறவர்களுக்கு இந்த ஆறு நாள் பொருந்தும். 4,800 ரூபாய் அதிகமில்லை. கிளட்சே கைவராதவர்களுக்கு இது வீண், அவர்கள் வழக்கமான வகுப்பில் சேரட்டும். சேருமுன் அந்தப் பேருந்து ஓட்டுநரே வருவாரா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். இன்னொரு பயிற்றுநரிடம் படித்த என் தங்கையின் தோழிக்குக் கண்ணாடிப் பாடமே நடக்கவில்லை. ஐந்துக்கு மூன்றரை தருகிறேன். இரவு வகுப்பு தொடங்கினால் தெரிவிக்கும்படி என் எண்ணைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். கூப்பிட்டால் போவேன், ஏறுமுன் ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லிப் பின்னால் நின்று பார்த்துவிட்டு.